மேலே பூ, கீழே காய்

சின்னவளுக்கு அன்றைக்குப் பொழுது விடிந்ததே சரியில்லை. அடுப்பில் பால் பொங்கி வருகிற நேரம் பார்த்து, புருஷன் மெல்ல வாயைத் திறந்தான்.

"அண்ணன் சொல்றாரு, குட்டி கல்யாணம் முடியட்டும், அப்புறமா உழுதுக்கலாமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவள் துணியை எடுக்கவில்லை. திரும்பி நின்று அவனையே பார்த்தாள். அவனோ, கழுவுற மீனில் நழுவுற மீன், அதற்குள் வாசலுக்குப் போய் பவர் டில்லரைத் துணி போட்டுத் துடைக்க ஆரம்பித்துவிட்டான். ஊரில் யார் நிலம் என்றாலும் அந்த டில்லரைத் தள்ளிக்கொண்டு போய் உழுது கொடுத்துவிட்டு வருகிறவன். ஆளைப் பார்த்தால் நல்லவன். எல்லோருக்கும் நல்லவன். அதுதான் சங்கடமே.

வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் கிடந்த அரை ஏக்கரைப் பற்றித்தான் பேச்சு. ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு வைத்திருந்த அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொதுவான நிலம். அண்ணன்காரர் வீடு கட்டுகிற காலத்தில், அதன் மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கு விற்றுவிட்டார். சட்டியை வழித்த மாதிரி வழித்துக்கொண்டு போனார்கள். மிஞ்சியது சரளையும் களியும் இறுகிப்போன கட்டாந்தரை. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காது, தட்டில் ஊற்றினது போல அப்படியே நிற்கும். சின்னவள் இந்த வீட்டுக்கு வாழ வந்த புதிதில், "இதுல ஏன் புல்லுகூட முளைக்கல?" என்று கேட்டாள். அண்ணன்காரர் செருமிக்கொண்டு எழுந்து போனார். தம்பிக்காரன் ஆகாயத்தைப் பார்த்தான்.

அவள் வேலை செய்வது பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு செடிப் பண்ணையில். பையில் மண் நிரப்புவது, நாற்றுப் பிரிப்பது, தண்ணீர் விடுவது. வருகிற போகிறவர்கள் கண்ணை இழுக்கட்டும் என்று பண்ணைக்காரர் முன்பாத்தியில் லூபின் போட்டிருப்பார். விரித்த கை மாதிரி இலை, நடுவிலிருந்து முழ உயரத்துக்கு ஒரு பூங்கதிர். நீலம், ஊதா, ரோஸ், வெள்ளை என்று நிற்கும். பூத்து ஓய்ந்த செடியை ஒருநாள் பிடுங்கிப் போடச் சொன்னார்கள். இழுத்தால் வரவில்லை. தோண்டிப் பார்த்தாள். ஆணிவேர் முழங்கை ஆழத்துக்குப் போயிருந்தது. பக்க வேரெல்லாம் கடுகு கடுகாக முடிச்சு. சுற்றியிருந்த மண், கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. "அந்த முடிச்சுல இருக்கறதுதாம்மா உரம். காத்துல இருக்கற சத்தை இழுத்து வச்சுக்கும். பூ விடற சமயத்துல மடக்கி உழுதா, மண்ணுக்கு அதைவிட ஒண்ணும் வேண்டாம்" என்றார் பண்ணைக்காரர். அவளுக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

பழைய விதை மூட்டை ஒன்று மூலையில் கிடந்தது. முளைத்தால் முளைக்கட்டும் என்று கொடுத்தார். அண்ணன்காரரிடம் போய்க் கேட்டாள். அவர் எல்லோரையும் வைத்துக்கொண்டே சொன்னார்: "போட்டுப் பாரு. இந்த வருஷம் முடியறதுக்குள்ள இதுல ஒரு வெள்ளாமை எடுத்துக் காட்டிட்டா நிலம் உங்க பொறுப்பு. இல்லேன்னா மிச்ச மண்ணையும் சூளைக்குக் கொடுத்துடுவேன். சும்மா கிடக்கறதுக்கு என்னாத்துக்கு?"

இன்னொரு முறை மண்ணை வெட்டினால் அது நிலமாக இருக்காது, குட்டையாகத்தான் இருக்கும். அது சின்னவளுக்கும் தெரியும், அண்ணன்காரருக்கும் தெரியும்.

விதைத் தோல் கல்லு மாதிரி. அதை உப்புத்தாளில் தேய்த்து, ராத்திரி ஊற வைத்து, மறுநாள் நேராகக் குழியில் போட வேண்டும். பிடுங்கி நட்டால் அந்தச் செடிக்கு ஆகாது. தேய்க்க அவளோடு உட்கார்ந்தது குட்டிதான், அண்ணன்காரரின் ஒரே பெண். "சித்தி, என் ரேகையெல்லாம் போச்சு. நாளைக்கு நான் களவாண்டாகூட எவனும் கண்டுபிடிக்க முடியாது" என்று சிரித்துக்கொண்டே தேய்த்தாள்.

முளைத்தது. ஒன்றிரண்டு இல்லை, அரை ஏக்கரும் முளைத்தது. இடுப்பளவு வளர்ந்து கதிர் விட்டபோது ரோட்டில் போகிற சைக்கிளெல்லாம் நின்றது. அந்த வீட்டை முன்னே "மொட்டை நிலத்து வீடு" என்று அடையாளம் சொன்னவர்கள் "பூக்கார வீடு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கதிரின் அடியில் பூ விரிய ஆரம்பித்தாயிற்று. இதுதான் மடக்கி உழுகிற சமயம்; இப்போது உழுது மட்கினால்தான் வருஷத்துக்குள் உருளைக்கிழங்கு ஊன்றி வெள்ளாமை எடுத்துக் காட்ட முடியும். அந்தச் சமயம் பார்த்துத்தான் புருஷன்காரன் "சரி" என்றுவிட்டு வந்து நிற்கிறான்.

அவள் வாசலுக்குப் போனாள்.

"ஏங்க, அந்தப் பூ அடியிலேர்ந்து மேல பூத்துக்கிட்டே போகும். மேல பூ இருக்கும்போதே கீழ காய் புடிச்சிரும். மண்ணுக்குப் போக வேண்டியதெல்லாம் கொட்டைக்குப் போயிரும். தண்டு விறகாயிரும். அதுக்கப்புறம் உழுதா என்ன, உழலேன்னா என்ன?"

"ரெண்டே வாரம்தானே?"

"மழை காத்துக்கிட்டு நிக்குமா ரெண்டு வாரம்? உருளைக்கிழங்கு ஊனறது எப்ப? இதெல்லாம் அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லலாம்னுதான் போனேன். அவரு பேசிட்டே இருந்தாரு."

"அவரு பேசுவாரு. உங்களுக்கு வாயில கொழுக்கட்டையா?"

அவன் டில்லரின் பல்லைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

சாயங்காலம் குட்டி வந்தாள். வந்தவள் நேராகச் சமையலறைக்குள் வந்து, தரையில் உட்கார்ந்து, சித்தியின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

"சித்தி, பொண்ணு பார்க்க வந்தப்ப அந்த மாமியார் என்ன சொன்னாங்க தெரியுமில்ல? 'என்ன இது, வாசல்ல சுடுகாடு மாதிரி இருக்கு'ன்னாங்க. எனக்கு அப்படியே நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. இப்ப அவங்க வேன் வந்து நிக்கறப்ப இந்தப் பூ இருந்தா... வேற ஒண்ணும் வேண்டாம் சித்தி எனக்கு."

என்ன சொல்வாள்? தூக்கி வளர்த்த பெண். தலையைத் தடவினாள்.

"இருக்கட்டும் போ. ஆனா காயை மட்டும் நான் உருவிடுவேன். அதுக்கு யாரும் வந்து என்னைக் கேள்வி கேக்கக் கூடாது."

இப்படி ஒரு வேலையை எவளாவது தலைமேல் இழுத்துப் போட்டுக்கொள்வாளா? இவள் போட்டுக்கொண்டாள். விடியும்போதே நிலத்தில் இறங்கிவிடுவாள். ஒவ்வொரு கதிரின் அடியிலும் கட்டைவிரலைக் கொடுத்து, பிஞ்சு பிடித்த இடம் மட்டும் சர்ரென்று உருவ வேண்டும், மேலே இருக்கிற பூ உதிரக் கூடாது. முற்றிலும் பூத்து முடிந்த கதிரை அடியோடு கிள்ளிவிட வேண்டும். இலை நடுவில் நிற்கிற பனித்தண்ணீரெல்லாம் சேர்ந்து இடுப்புக்குக் கீழே நனைத்துவிடும். அப்படியே ஓடிப் போய்ப் பண்ணை வேலை. திரும்பி வந்து மறுபடி இறங்கினால், காலையில் உருவின வரிசையிலேயே அடுத்த பிஞ்சு எட்டிப் பார்க்கும். கட்டைவிரல் கறுத்துப்போய், எத்தனை சோப்புப் போட்டாலும் கசப்புப் போகவில்லை. பிசைந்த சோறு வாய்க்கு வருகிறபோது கசந்தது. சில நாள் தட்டை வைத்துக்கொண்டு அழுகையே வரும். புருஷன்காரன் கரண்டி எடுத்துக் கொடுத்தான். அவனால் முடிந்தது அது.

ஒரு காலையில் பெரியவள் பார்த்துவிட்டாள். அண்ணன்காரரின் பெண்சாதி. கல்யாண வேலையில் தூக்கம் கெட்டு, எதைத் தொட்டாலும் சுள்ளென்று விழுகிற நிலையில் இருந்தாள். வாளியோடு வெளியே வந்தவள், பூங்கதிரைக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டே போகிற ஓரகத்தியைக் கண்டதும் வாளியை அப்படியே போட்டாள்.

"அடிப்பாவி! என்னடி பண்ற?"

"காய் புடிச்சதை எடுக்கறேன் அக்கா. குட்டிகிட்ட சொல்லியிருக்கேன்."

"எது காயி? பூவைக் கிள்ளிப் போட்டுட்டுக் காயிங்கறே! கண்ணுக்கு முன்னாடி கிடக்குதே நீலமும் ரோஸுமா! நேத்து இந்த ஓரமெல்லாம் ரொம்பி இருந்துச்சு, இன்னிக்கு வெறிச்சுன்னு கிடக்கு. நானும் என்னடான்னு பார்த்துட்டேதான் இருக்கேன்."

"முடிஞ்ச கதிரு அக்கா அது. விட்டா மண்ணுல இருக்கற சத்தெல்லாம்..."

"மண்ணு, மண்ணு! எப்பப் பாரு மண்ணு! என் பொண்ணு கல்யாணத்தைவிட உனக்கு மண்ணு பெருசாப் போச்சா? சொல்லிடு. நேராச் சொல்லிடு. உனக்கு ஒண்ணு பொறக்கல, பெத்தவளுக்கு நல்லது நடக்கறதைப் பார்க்கப் பொறுக்கல."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கொட்டினதை அள்ள முடியுமா?

சின்னவள் குனிந்து அடுத்த கதிரின் அடியில் விரலைக் கொடுத்தாள். பிஞ்சோடு பூவும் சேர்ந்து உதிர்ந்தது. பெரியவள் வாளியைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து இரண்டு அடுப்புக்கும் பேச்சில்லை. ஒரே வீட்டில், ஒரே கூடத்தில், குட்டி ஒருத்திதான் அங்கேயும் இங்கேயும் ஓடினாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள். வாசலை ஒட்டிப் பந்தல் போட்டாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவார்கள். மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. சமையல்காரர்களுக்கு அடுப்புக் கூட்ட, சூளைக்காரரே தன் லாரியில் செங்கல் கொண்டுவந்து இறக்கினார். பந்தலும் சாப்பாடும் தன் செலவு என்று அவர் சொல்லியிருப்பதாகக் குட்டி பெருமையாகச் சொல்லியிருந்தாள். என்ன இவ்வளவு தாராளம் என்று சின்னவளுக்கு அப்போதே ஒரு நெருடல்.

இறக்கிவிட்டு மனுஷன் சும்மா போகவில்லை. பூவுக்குள் இறங்கினார். செருப்புக் குதிகாலால் மண்ணை ஒரு எத்து எத்தினார். குனிந்து கை நிறைய அள்ளினார்.

"அடேயப்பா! என்னமா இளகிக் கிடக்கு! போன தடவை இதுல மெஷின் பல்லே உடைஞ்சு போச்சு தெரியுமா?"

வரிசைக்குள் குனிந்திருந்த சின்னவள் நிமிர்ந்தாள். "எதுக்குங்க மெஷினு?"

"உனக்குத் தெரியாதா தங்கச்சி? உங்க பெரியவரு சொல்லலியா? நாளைக்குப் பந்தி முடிஞ்ச கையோட மெஷின் வந்துரும். ராத்திரிக்குள்ள அள்ளிருவோம், மழை வேற வர்ற மாதிரி இருக்கு." கையிலிருந்த மண்ணை முகர்ந்து பார்த்தார். "நல்லவேளை, உழாம வச்சீங்க. நான்தான் அவருகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இத்தனை தழையையும் மண்ணோட கலந்துட்டா எனக்கு ஒரு கூடைகூட ஆகாது. சூளையில வேகறப்ப தழை எரிஞ்சு கல்லு பொக்குப் பொக்காப் போயிரும். இப்ப மேலோட அறுத்து ஓரமாத் தூக்கிப் போட்டா ஆச்சு."

அவர் மண்ணைத் தட்டிவிட்டு, "பூவும் நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு நற்சாட்சியும் கொடுத்துவிட்டு லாரிக்குப் போனார்.

ஆக, கல்யாணத்துக்காக இல்லை. குட்டியின் ஆசைக்காக இல்லை. அந்தக் குழந்தையின் ஆசையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷன் பின்னாலிருந்து மண்ணை விற்றிருக்கிறான். அதற்காகவா இத்தனை நாள் விரல் தேயத் தேய உருவினோம்? அதற்காகவா அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நின்றோம்?

புருஷன்காரன் பந்தல் காலில் ஏணி போட்டு சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தான்.

"கீழ இறங்குங்க."

"இந்த ஒரு சுத்து..."

"இறங்குங்கங்கறேன்!"

இறங்கினான். அவள் சொன்னாள். அழவில்லை, கத்தவில்லை, சூளைக்காரர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அவன் முகம் வெளிறியது.

"அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேளுங்க. அவரு ஏதாவது சொல்வாரு. நீங்க சரிம்பீங்க. முன்னாடி மேல்மண்ணு போனப்பவும் அப்படித்தானே போச்சு? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்க அண்ணன், உங்க நிலம். ஆனா நாளைக்கு அந்தக் குழியைப் பார்த்துட்டு இந்த வீட்டுல என்னால ஒரு வாய் சோறு திங்க முடியாது. அதை மட்டும் தெரிஞ்சுக்குங்க."

அவன் கையிலிருந்த ஒயரைச் சுற்றிக்கொண்டே நின்றான். சுற்றி முடிந்ததை அவிழ்த்து மறுபடி சுற்றினான். உள்ளேயிருந்து அண்ணன்காரர் யாரிடமோ சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது. இவன் அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான்.

"டில்லர்ல டீசல் இருக்கா பாரு" என்றான்.

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் ஓடினாள்.

இடுப்பளவு செடியில் டில்லரை அப்படியே விட்டால் தண்டெல்லாம் பல்லில் சுற்றிக்கொள்ளும். முன்னால் ஒரு ஆள் அரிவாளால் அறுத்துச் சாய்த்துக்கொண்டே போக வேண்டும், பின்னால் டில்லர் அதைத் துண்டுதுண்டாக்கி மண்ணுக்குள் மடக்கிக்கொண்டே வரும். அவள் அரிவாளோடு ரோட்டோர வரிசையில் குனிந்தாள். வண்டி உறுமியது. கல்யாணத்துக்கென்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு அவன் கைப்பிடியைப் பிடித்திருந்தான். நீலக் கதிரும் ரோஸ் கதிரும் சாய்ந்து விழுந்து, கறுத்த மண்ணோடு புரண்டு உள்ளே போயின. பச்சை வாடை குப்பென்று கிளம்பியது. அவளுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. ஆசை ஆசையாக வளர்த்ததுதானே?

இரண்டாவது வரிசை திரும்புவதற்குள் வீடே வாசலுக்கு வந்துவிட்டது. அண்ணன்காரர் தோளில் கிடந்த துண்டு நழுவி விழுவதுகூடத் தெரியாமல் ஓடி வந்து டில்லருக்கு முன்னால் நின்றார்.

"டேய்! நிறுத்துடா! பைத்தியம் புடிச்சிருச்சா? நாளைக்குக் கல்யாணம்டா!"

தம்பி வண்டியை நிறுத்தவில்லை. கிளட்சைப் பிடித்துக்கொண்டான். என்ஜின் படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"தள்ளிக்க அண்ணே."

"என்னடா சொன்ன?"

"தள்ளிக்கன்னேன். நாளைக்கு மெஷின் வருதாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

தம்பி எதிர்த்துப் பேசி அண்ணன்காரர் கேட்டதே இல்லை. அவர் குரல் எழும்பியது.

"ஆமா, கொடுத்தேன்! பந்தலு எங்கேர்ந்து வந்துச்சு? சாப்பாடு எங்கேர்ந்து வருது? நீ கொண்டாந்து கொட்டினியா? என் பொண்ணை எப்படிடா நான் கட்டிக் கொடுக்கறது? பாழா கிடந்த மண்ணுதானே!"

"பாழாக்கினது யாரு?"

"என்ன மெஷினு? எதைக் கொடுத்தீங்க?" பெரியவளின் குரல் அது. கையில் மாவோடு, புதுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். சின்னவள்தான் அரிவாளை ஊன்றிக்கொண்டு சொன்னாள். இத்தனை நாளுக்குப் பிறகு ஓரகத்தியிடம் பேசுகிற முதல் பேச்சு.

"நம்ம நிலத்தைச் சூளைக்குக் கொடுத்திருக்காரு அக்கா. நாளைக்குச் சாப்பாட்டுப் பந்தி முடிஞ்சதும் வெட்ட வர்றாங்க. தழையைக் கலந்துட்டா மண்ணு அவங்களுக்கு ஆகாதாம். அதுக்குத்தான் உழக் கூடாதுன்னாரு. பூவுக்கு இல்ல."

பெரியவள் புருஷனைப் பார்த்தாள். வாசற்படியில் பாதி பின்னின தலையோடு குட்டி நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அப்பா, நான் பூ வேணும்னு கேட்டது நிஜம்தான்" என்றாள். "நீங்க எதுக்குப்பா உழ வேணாம்னு சொன்னீங்க?"

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"நாளைக்கு ஒரு நாள் போகட்டும்" என்றார் பலவீனமாக. "பேசிக்கலாம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற நேரம். மானம் போயிரும்."

"என் பொண்ணு ஆசையைச் சாக்கா வச்சீங்களே, அப்பப் போகலியா?" என்றாள் பெரியவள். "இவ காயை உருவினா, நான் பூவைக் கிள்றாங்கறேன். நாக்குல நரம்பில்லாம இவளைப் பார்த்துச் சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிட்டேன். எதுக்கு? நீங்க மண்ணு விக்கறதுக்கா?"

கிட்டே போய் அவர் முழங்கையைப் பிடித்து ஒரே இழுப்பில் வரப்புக்கு இழுத்தாள். மாவு அப்பிய ஐந்து விரலும் அவர் சட்டைக் கையில் பதிந்தது. அப்படியே திரும்பி, சின்னவள் கையிலிருந்த அரிவாளை வாங்கினாள்.

"நீ அந்த ஓரம் போய் இன்னொன்னு எடுத்துக்கடி. இவ்வளவையும் ஒத்தையாவா அறுப்பே?"

சின்னவள் பின்கட்டுக்கு ஓடி இன்னொரு அரிவாளோடு வந்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு வரிசையாகக் குனிந்து அறுத்துச் சாய்க்க, பின்னால் டில்லர் வந்தது. பாதி நிலம் கறுத்துத் திரும்பியிருந்தது. மீதிப் பாதி வண்ணமாக நின்றது. மழைக்காற்று வீச ஆரம்பித்தது.

அந்த நேரத்தில்தான் ரோட்டில் வேன் வந்து நின்றது. முதலில் மாப்பிள்ளையின் அம்மா இறங்கினார். பந்தலைப் பார்த்தார். தலைகுனிந்து வரப்பில் நிற்கிற பெண்ணின் அப்பாவைப் பார்த்தார். மண்ணும் பூவுமாக டில்லரோடு நிற்கிற சித்தப்பாவைப் பார்த்தார். கடைசியில் புதுப்புடவை முழங்காலுக்கு ஏற, கையில் அரிவாளோடு நிமிர்ந்த சம்பந்தியைப் பார்த்தார்.

"என்னங்க இது, கல்யாண வீட்டுல? இவ்வளவு அழகான பூவை ஏன் அறுக்கறீங்க?"

பெரியவள் நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்தாள்.

"வாங்க சம்பந்தியம்மா. இந்த மண்ணை நாங்க ரொம்ப நாளாப் பட்டினி போட்டுட்டோம், இன்னிக்குத்தான் அதுக்குச் சோறு போடறோம்" என்றாள். "நீங்க உள்ள போய் உக்காருங்க, பொண்ணு டீ கொண்டாருவா. நானும் என் தங்கச்சியும் மிச்சத்தை முடிச்சுட்டு வந்துடறோம்."